தாய் வீடு இல்லாதவள் எங்கே போவாள்?

கல்யாணமான நண்பர் யாராவது திடீரென்று மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிட ஆரம்பித்தால் ரொம்ப யோசிக்க வேண்டாம். வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நண்பர் மூன்று மாசம் பேச்சிலராக, சட்டையை இஸ்திரி போடாமல் ஆபீஸுக்கு வருவார். 'என்னப்பா, எப்போ ட்ரீட்?' என்று முதுகில் தட்டுவோம். அதோடு நம் கடமை முடிந்தது.

நம் ஊரில் தலைப்பிரசவத்துக்கான மொத்த ஏற்பாடும் 'தாய் வீடு' என்கிற ஒரே தூணில் நிற்கிறது. ஆஸ்பத்திரி செலவு, பத்தியச் சமையல், ராத்திரி விழிப்பு, குழந்தைக்குத் தூளி... எல்லாம் அம்மா பார்த்துக்கொள்வாள்.

அம்மா வர முடியாவிட்டால்? இந்தக் கேள்வியைத் தமிழன் எப்போதோ கேட்டிருக்கிறான். திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை அதுதான். ரத்னாவதி என்கிற செட்டிப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. அம்மா காவிரிக்கு அக்கரையில். ஆற்றில் வெள்ளம். சிவபெருமானே அந்த அம்மா வேஷத்தில் வந்து, பிரசவம் பார்த்து, வெள்ளம் வடிகிற வரை கூட இருந்தார் என்கிறது தலபுராணம். இன்றைக்கும் சுகப்பிரசவம் ஆனால் அங்கே வாழைத்தார் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள்.

அந்தக் கதையில் தடையாக நின்றது வெள்ளம். வெள்ளம் வடிந்துவிடும். நான் சொல்லப்போகிற பெண்ணுக்கு இருந்த தடை வடிகிற ஜாதி இல்லை.

2012. பி.காம். முடித்து (செகண்ட் கிளாஸ், அக்கவுன்டன்சியில் ஜஸ்ட் பாஸ்) ஆரணியில் ஒரு பட்டு முதலாளியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆரணிப் பட்டு தெரியாதவர்கள் உங்கள் வீட்டு அம்மா, அக்காவைக் கேளுங்கள். காஞ்சிபுரத்தைவிடக் கனம் குறைவு, விலையும் குறைவு. ஆபீஸ் போகிற பெண்களுக்குப் பிடித்த புடவை. காலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் 'டக்... டடக்... டக்' என்று தறிச் சத்தம் கூடவே வரும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிறவர் ஒருத்தர் என்றால், அவருக்குப் பின்னால் பாவு ஓட்ட, இழை முடிய, தார் சுற்ற என்று நாலைந்து பேர் உண்டு. தார் என்றால் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் சுற்றிய ஊடை நூல். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து ராட்டையைச் சுற்ற வேண்டும். பெரும்பாலும் பெண்கள் வேலை.

எங்கள் பட்டறையில் தார் சுற்றிய பெண்ணுக்கு வயது இருபது இருக்கும். போளூர் பக்கத்துக் கிராமம். அப்பா, அம்மா இல்லை. சித்தப்பா கொண்டுவந்து விட்டுவிட்டு, அவள் பேரில் 15,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனவர். நான் சேர்ந்த ஏழு மாசத்தில் அந்தச் சித்தப்பாவை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. சனிக்கிழமை கூலி 600. பிடித்தம் 100. கையில் 500. அந்தப் பிடித்தத்தை லெட்ஜரில் எழுதியது அடியேன்.

ஐப்பசி மாசம் பட்டறைப் பெண்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். தீபாவளிக்குள் விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஏழாம் மாசம். கல்யாணம் ஆகவில்லை. ஆளு யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஜக்காடு வேலை பார்த்த பையன். விஷயம் தெரிந்த வாரமே திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான். அவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒழுங்கா இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டதெல்லாம் இவளைத்தான்.

வாடகைக்கு இருந்த அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பொண்ணு கணக்கைப் பாரு. பாக்கியை அவ சித்தப்பன்கிட்ட வசூல் பண்ணிட்டு அனுப்பிடு. இங்க வெச்சிக்க முடியாது. நாலு பேர் வந்து போற இடம்."

கணக்கைப் பார்த்தேன். பாக்கி ரூ.15,000. மூணு வருஷமாக அதே 15,000. பிடித்த நூறெல்லாம் 'வட்டி' என்ற தலைப்பில் போயிருந்தது. எனக்கு அது தப்பாகவே படவில்லை. டெபிட், கிரெடிட் டேலி ஆகிறதா, அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் ஒரு சிஸ்டர் வந்தார். கன்னியாஸ்திரீ. அடுத்த தெருவில் பெண்களுக்குத் தையல் கிளாஸ் எடுப்பவர். யார் சொன்னார்களோ தெரியாது. நேராக என் மேஜைக்கு வந்து, "கணக்கு நோட்டைக் காட்டுங்க தம்பி" என்றார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஸ்கூலில் ஃபாதர்களிடம் அடி வாங்கிய பழக்கம். வெள்ளை அங்கியைப் பார்த்தாலே கை தானாக நோட்டை நீட்டிவிடும்.

"வாரம் நூறு. எத்தனை வாரம்?"

"மூணு வருஷம் சிஸ்டர். 156 வாரம்."

"எவ்வளவு ஆச்சு?"

"15,600."

"வாங்கினது?"

"15,000."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு நீங்கதான் 600 ரூபா தரணும். இல்லையா?"

நான் வாயைத் திறக்கவில்லை. கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். வருஷத்துக்கு 5,200. மூணு வட்டிக்குக் கொஞ்சம் கம்மி. பி.காமில் மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் எழுதியிருக்கிறேன். ஒப்பந்தம், ஈடு, ஜாமீன் எல்லாம் ஒப்பிப்பேன். கூலியை அட்வான்ஸில் கட்டிப்போடுவதைக் குற்றம் என்று சொல்லும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, அப்படிப்பட்ட கடன்கள் அந்தச் சட்டப்படியே ரத்து என்று எனக்கு அன்றைக்கு ஒரு கன்னியாஸ்திரீ சொல்லித்தான் தெரியும்.

முதலாளி ஏப்பம் விட்டபடி வந்தார். சிஸ்டர் குரலை உயர்த்தவே இல்லை. நடுவில் ஒரே ஒரு தரம் 'ஆர்.டி.ஓ. ஆபீஸ்' என்று சொன்னார். அறுநூறு ரூபாய் வந்தது. அடுத்த மாசம் என் கணக்கும் முடிக்கப்பட்டது. (நான் எழுத்தாளன் ஆன கதை இதுதான். இதில் இலக்கிய தாகமெல்லாம் கிடையாது.)

கண்ணமங்கலம் வழியாக வேலூர் பஸ். சிஸ்டர், அவள், துணைக்கு நான். ஒரு பை, அதில் நாலு துணி, படவேடு ரேணுகாம்பாள் படம் ஒன்று. வேலூர் தாண்டி ஓர் ஊரில் அவர்கள் சபையைச் சேர்ந்த விடுதி. வாசலில் மாதா சொரூபம், உள்ளே ஒரு பெரிய வேப்ப மரம், எட்டோ பத்தோ கட்டில். ஆபீஸ் அறையில் ஒரு நீளமான ரெஜிஸ்டர். பெயர், வயது, ஊர், எத்தனையாவது மாதம், உடன் வந்தவர் பெயர். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: உறவு.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'கணக்குப்பிள்ளை' என்று எழுத முடியுமா? வட்டி பிடித்தவன் என்று?

"அண்ணன்னு போடுங்க" என்றார் சிஸ்டர், வேறு ஃபைலைப் பார்த்துக்கொண்டே. போட்டேன். நான் பார்த்த கணக்குகளில் தெரிந்தே எழுதிய ஒரே பொய் என்ட்ரி அது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே குடைச்சல். ஒரு ரேணுகாம்பாள் பக்தைக்கு ஏன் மாதா கோயில்காரர்கள் கட்டில் போட வேண்டும்? நம்மிடம் இதெல்லாம் இருந்ததே இல்லையா?

இருந்திருக்கிறது. பிற்பாடு தேடிப் பிடித்துப் படித்தேன். ஆந்திராவில் குண்டூர் பக்கம் மல்காபுரத்தில் ஒரு கல்வெட்டு. வருஷம் 1261, காகதீய ராணி ருத்ரமாதேவி காலம். விசுவேஸ்வர சிவாச்சாரியார் என்கிற சைவ குரு, தனக்குக் கிடைத்த மானியத்திலிருந்து மடம், சத்திரம், ஆஸ்பத்திரி எல்லாவற்றோடும் ஒரு 'பிரசூதி சாலை'க்கும் ஏற்பாடு செய்திருக்கிறார். பிரசவ விடுதி! எழுநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் பக்கம் பாலாற்றங்கரைத் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கை ஆஸ்பத்திரிக்கு வைத்தியர் முதல் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் வரை கணக்கு வைத்திருக்கிறது. கோயில் என்றால் சுண்டல் மட்டும்தான் என்பது நம் காலத்து நினைப்பு.

வேலூர் ஆஸ்பத்திரி கதையும் பிரசவ அறையில்தான் ஆரம்பம். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, மிஷன் டாக்டரின் மகள் ஐடா ஸ்கடரிடம் 'என் மனைவிக்குப் பிரசவம், நீ வா' என்று கெஞ்சினார்கள். அவர் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர். ஆம்பளை டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேரும் போய்விட்டார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. விடிவதற்குள் மூன்று மனைவிகளும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டராகி, 1900-ல் திரும்பி வந்து, 1902-ல் வேலூரில் பெண்களுக்கு 40 படுக்கை ஆஸ்பத்திரி திறந்தார். அந்த ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷனுக்கு எங்கள் ஆரணியிலும் ஒரு கிளை இருந்தது.

ஆனால் பிரசவம் பார்ப்பது வேறு, ஊர் துரத்திய பெண்ணுக்கு வீடு கொடுப்பது வேறு. இரண்டாவதை முதலில் தைரியமாகச் செய்தவர்களில் ஒரு தம்பதி, எந்த மடத்துக்கும் சொந்தக்காரர்கள் இல்லை. புனாவில் ஜோதிபா பூலே, சாவித்திரிபாய் பூலே. 1863. கர்ப்பமான ஓர் இளம் பிராமண விதவை, ஊருக்குப் பயந்து, பிறந்த குழந்தையைக் கொன்றுவிட்டாள். ஆயுள் தண்டனை, அந்தமான். அதைக் கண்டு இவர்கள் தங்கள் வீட்டையே திறந்துவிட்டார்கள். 'விதவைகளே, ரகசியமாக வந்து பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். குழந்தையைத் தூக்கிப் போவதும் விட்டுப் போவதும் உங்கள் இஷ்டம்' என்கிற அர்த்தத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 1874-ல் வந்த காசிபாய் என்ற பெண் பெற்ற பிள்ளையைத் தாங்களே தத்தெடுத்தார்கள். யஷ்வந்த் என்ற அந்தப் பையன் பின்னால் டாக்டரானான். அதற்கு அடுத்த வருஷம், 1875-ல், பிரார்த்தனை சமாஜத்துக்காரர்கள் பண்டரிபுரத்தில் இதேபோல் ஓர் இல்லம் தொடங்கினார்கள். விட்டலன் சந்நிதி இருக்கிற ஊரிலேயே!

'உங்கள் இஷ்டம்' என்கிற அந்த இரண்டு வார்த்தையை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி இல்லங்கள் நல்லதா, கெட்டதா என்பது அங்கேதான் இருக்கிறது.

நான் மாசம் ஒருதரம் அந்த விடுதிக்குப் போனேன். அண்ணன் ஆயிற்றே. சாப்பாடு நன்றாக இருந்தது. கீரை, முட்டை, சாயந்திரம் சுண்டல். செக்கப்புக்குச் சிஸ்டரே ஆட்டோவில் கூட்டிப்போவார். ஜெபத்துக்கு வர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு மணி அடித்தால் எவளும் தூங்கவும் முடியாது. ரேணுகாம்பாள் படம் தலையணைக்கடியில் இருந்தது. சிஸ்டர்களுக்குத் தெரியும், எடுக்கச் சொல்லவில்லை. அந்த அம்மன் யார்? தண்ணீரில் தெரிந்த கந்தர்வன் நிழலை ஒரு நொடி பார்த்ததற்காகப் புருஷன் சொல்லி, மகனே தலையை வெட்டியவள். அவள் தலையணைக்கடியில் இருப்பது பொருத்தம்தான்.

எனக்குப் பிடிக்காததும் உண்டு. ஆறு மணிக்கு மேல் கேட்டுக்குப் பூட்டு. போன் கிடையாது. 'தப்பு பண்ணிட்டு வந்த பிள்ளைங்க' என்று ஒரு வயசான சிஸ்டர் சொன்னதைக் காதால் கேட்டேன். பாதுகாப்புக்குப் போடுகிற பூட்டும், தண்டனைக்குப் போடுகிற பூட்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

நான் சும்மா சொல்லவில்லை. அயர்லாந்தில் இப்படிப்பட்ட தாய்-சேய் இல்லங்கள், பெரும்பாலும் கன்னியாஸ்திரீகள் நடத்தியவை, 1998 வரை இருந்தன. அரசாங்கம் போட்ட விசாரணைக் கமிஷன் 2021 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. 18 இடங்களை ஆராய்ந்ததில், 1922 முதல் சுமார் 56,000 பெண்கள் போயிருக்கிறார்கள்; சுமார் 9,000 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பிரதமர் பார்லிமென்டில் மன்னிப்புக் கேட்டார். இங்கே 2018 ஜூலையில் ராஞ்சியில், அன்னை தெரசாவின் சபை நடத்திய, மணமாகாத கர்ப்பிணிகளுக்கான இல்லத்திலிருந்து குழந்தையை விற்றதாகப் புகார். ஓர் ஊழியரும் ஒரு சிஸ்டரும் கைதானார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வரிசையில் நிற்கிற தேசத்தில், யாரும் கேட்க வராத குழந்தை என்றால் புரோக்கர் மூக்கில் வியர்க்கும். அதனால்தான் சட்டம். குழந்தையைத் தாய் ஒப்படைப்பதென்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால்தான். கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு மாற 60 நாள் அவகாசம். கைமாற்றினால், காசு வாங்கினாலும் கொடுத்தாலும், இன்றைய சிறார் நீதிச் சட்டம் (2015) அஞ்சு வருஷம் வரை ஜெயில் என்கிறது.

2013 பொங்கல் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு. ஜனவரி 28-ம் தேதி அவள் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை என்று என்னிடம் அவளே சொன்னாள். "நான் எங்கேண்ணா வெச்சி வளக்கறது?"

தையல் கற்றுக்கொண்டு அங்கேயே இருந்தாள். மார்ச் 20-ம் தேதி எனக்குப் போன். விடுதி ஆபீஸ் நம்பர்.

"அண்ணா, நீங்கதான் கணக்குல கெட்டியாச்சே. அறுவது நாளு என்னிக்கு முடியுது?"

விரலை விட்டு எண்ணினேன். "29-ம் தேதி. இன்னும் ஒன்பது நாள் இருக்கு."

"ஒம்போது நாளா..." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, வெச்சிடறேன்."

மறுநாளே போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டுவிட்டாள். சிஸ்டர்தான் கூடப் போனார். கண்ணமங்கலம் பக்கம் ஒரு தையற்கார அம்மா வீட்டில் ஓர் அறை, ஒரு மெஷின், மாச வாடகை. அதையும் பேசி முடித்தது அவரே.

அன்றைக்கு அவளுக்குத் தெரியாதது, எனக்கும் தெரியாதது நிறைய. இன்றைக்கு உங்கள் ஆபீஸில், உங்கள் தெருவில், ஏன் உங்கள் மேன்ஷனுக்கு எதிர்வீட்டில் ஒருத்தி இப்படி நின்றால் 181-க்குப் போன் போடலாம். 24 மணி நேரமும் பெண்களுக்கான உதவி எண். மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. சில நாள் தங்க இடம், வக்கீல், போலீஸ் உதவி எல்லாம் அங்கேயே. நீண்ட நாள் தங்க 'சக்தி சதன்' என்ற திட்டம் 2022-லிருந்து. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 2018 முதல் ரூ.18,000. பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் அது போக்சோ. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம், 'பாவம், பேர் கெட்டுவிடும்' என்பதெல்லாம் எடுபடாது. கர்ப்பத்தைத் தொடரலாமா, கலைக்கலாமா என்பதற்கும் சட்டப்படி வழி உண்டு. கல்யாணமாகாதவர்களுக்கும் 24 வாரம் வரை, சட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மத இல்லங்கள் இந்தக் கடைசி விஷயத்தை வாயே திறக்காது. அதனால் டாக்டரிடம் முதலில் போவது நல்லது, விடுதிக்கு அப்புறம்.

அந்தத் திருப்பூர்ப் பையன்? எந்த ரெஜிஸ்டரிலும் அவனுக்குக் கட்டம் இல்லை. விடுதியில் நான் பார்த்த எட்டுப் பெண்களுக்கு எட்டுப் பேர் இருந்திருக்க வேண்டும். எல்லாரும் எங்கேயோ சம்பளம் வாங்கிக்கொண்டு, மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, சாயந்திரம் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டு இருப்பார்கள். இதையேகூடப் படிக்கலாம்.

2014 தை மாசம் அவளிடமிருந்து மறுபடி போன்.

"அண்ணா, பாப்பாவுக்கு ஒரு வயசு ஆயிடுச்சு. படவேட்டுல மொட்டை போட்டுக் காது குத்தறேன். நீங்க வரணும்."

"வந்துடறேன்."

"சும்மா வந்தா எப்படி? தாய்மாமன் மடியிலதானே வெச்சிக் குத்தணும்."

அன்றைக்கு ரெஜிஸ்டரில் போட்ட என்ட்ரி, இன்னொரு பக்கத்தில் வந்து நிற்கிறது! அப்போது எனக்கு வேலையில்லை. நண்பனிடம் 3,000 கைமாற்று வாங்கி, வேலூரில் ஒரு ஜோடி தோடு எடுத்தேன். பொட்டு மாதிரி இருந்தது. சிஸ்டரும் வந்திருந்தார். கோயிலுக்கு உள்ளே வரவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் செருப்போடு நின்றுகொண்டு, "அழுத்திப் பிடிங்க தம்பி, ஆடப் போறா" என்று சத்தம் கொடுத்தார்.

ஆசாரி முதல் காதைக் குத்தினார். மொட்டைத் தலை, முகமெல்லாம் சந்தனம், ஊரே கேட்கிற மாதிரி ஓர் அலறல். இரண்டாவது காதுக்குத் திருப்புவதற்குள் என் புது வேட்டி நனைந்துவிட்டது.